எஸ்தர் கேட்ட கேபிள்

போன வாரம் வேலூரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். வீட்டில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களைச் சேர்க்க ஒரு கேபிள் வேண்டும். கவுன்டரில் இருந்த பெண் கேட்டார்: "எதை எதோட சேர்க்கப் போறீங்க, சார்?"

சாதாரணக் கேள்வி. எனக்கு மட்டும் அது புதிதில்லை.

எட்டு வருடத்துக்கு முன்பு இதே கேள்வியை இன்னொரு கடைக்காரர் கேட்டார். அப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஸ்டோர்ஸில் இருந்தேன். அதற்கு முன்பு பல வருடம் தோல் தரம் பிரிக்கிற வேலை. கட்டைவிரலால் தடவியே நல்லது எது, மட்டம் எது என்று சொல்லிவிடுவேன். வாய்ப்பேச்சுதான் வராது…

ஆபீஸில் எஸ்தர் என்ற பெண் கம்ப்யூட்டர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தார். வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான். "ரெண்டு கம்ப்யூட்டரையும் ஒரே கேபிள்ல சேர்த்துடலாம் சார்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, ஒரு சீட்டில் 'கிராஸ் கேபிள்' என்று எழுதி என்னிடம் கொடுத்தார்.

கேபிள் என்றதுமே கடைக்காரர் இரண்டு வகை எடுத்துப் போட்டு, "எதை எதோட சேர்க்கப் போறீங்க?" என்றார். தெரியாது என்று சொல்ல வெட்கம். இரண்டையும் தடவிப் பார்த்தேன்.

"இன்னாண்ணே, தோல் மாதிரி தேய்க்கிறீங்க!" என்றார் கடைக்காரர்.

கிராஸ் கேபிள் என்று அவர் காட்டியது மெலிசு. மற்றது நல்ல தடிமன், வழவழப்பு. சீட்டை மடித்து ஜேபியில் வைத்துக்கொண்டு தடித்ததையே வாங்கினேன். மட்டமான சரக்கு வாங்கி வந்தான் என்று பேர் வரக்கூடாதே!

மாட்டினார் எஸ்தர். ஒரு கம்ப்யூட்டரில் இருப்பது மற்றதுக்குப் போகவே இல்லை.

"அண்ணே, நான் எழுதினதுதானே வாங்கினீங்க?"

"ஆமாம்மா."

மூன்று நாள் போராடினார். சரக்கு வாங்க வெளிநாட்டிலிருந்து வந்த பையர் எதிரே உட்கார்ந்திருக்க, மற்ற கம்ப்யூட்டரிலிருந்து பேக்கிங் லிஸ்ட் வரவில்லை. மேனேஜர் கத்தினார்: "கம்ப்யூட்டர் தெரியும்னியே, இதான் தெரிஞ்ச லட்சணமா? ஒரே பேஜாரா போச்சு உன்னால. நாளையிலேர்ந்து வராத!"

எஸ்தர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டார். என்னைத் தாண்டும்போது, "வர்றேண்ணே" என்றார்.

அடுத்த வாரம் வந்த சர்வீஸ் ஆள் கேபிளின் இரண்டு முனைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஒயர் ஒரே கலர் வரிசையில இருக்கு. இது நடுவுல ஹப்னு ஒரு பெட்டி வச்சா மாட்டுறது. நேரா மாட்டணும்னா ஒரு பக்கம் வரிசை மாறி இருக்கணும். யாரு வாங்குனது?"

எல்லோரும் எஸ்தரின் காலி நாற்காலியைப் பார்த்தார்கள். நானும் அதையே பார்த்தேன்.

போன வாரம் கவுன்டர் பெண்ணிடம், "ரெண்டு கம்ப்யூட்டரை நேரா சேர்க்கணும்மா… கிராஸ் கேபிள்" என்றேன். இரண்டு முனைகளிலும் வரிசை பார்த்து வாங்கினேன். தடவவில்லை.

எஸ்தர் நெமிலிப் பக்கம் இருப்பதாக யாரோ சொன்னார்கள். நான் எழுதும் இதைப் படிப்பாரோ, மாட்டாரோ…

சீட்டில் நீ சரியாகத்தான் எழுதியிருந்தாய், எஸ்தர். மாற்றி வாங்கியது நான்தான்.