வீடூர் அணைக்குத் திரும்பிப் போன விரால்

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஐந்தரை மணிக்குத் திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினேன். கையில் மூடி போட்ட பெயிண்ட் பக்கெட், துணி சுற்றிய தூண்டில் ராடு. வீட்டைப் பூட்டினேனா என்று ஊர் தாண்டும்வரை யோசித்தேன். பூட்டாவிட்டாலும் உள்ளே யாருமில்லை.

என் மனைவி வசந்தா வளவனூரில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். சர்க்கரையால் வலது பாதத்தில் வந்த புண் ஆறவில்லை. வெல்டிங் பட்டறைக்குப் போனால் நான் இருட்டித்தான் திரும்புவேன். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று நானே கொண்டுபோய் விட்டேன். மருந்தும் கட்டும் தவறாமல் நடந்தன. ஆனாலும் காலை எடுத்துவிடுவார்களோ என்ற பயம் என்னோடு படுத்து என்னோடு எழுந்தது. “வளத்த விராலு வேணாம். ஏரி விரால் தின்னாத்தான் சதை கூடும்” என்றார் மாமியார். அதற்காகத்தான் வீடூர் அணை.

விக்கிரவாண்டியில் இறங்கி டீ குடித்தேன், பன்னிரண்டு ரூபாய். அணைக்கு ஷேர் ஆட்டோ முப்பது ரூபாய். ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். ஜிக் என்னும் தூண்டில் முள் போடுவதைச் செல்போன் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். முள்ளின் கழுத்தில் ஈய உருண்டை, அதன்மேல் ரப்பர் மீன். அடித்தரை வரை இறக்கிவிட்டு, ராடைத் தட்டித் தட்டி இழுக்க வேண்டும். உயிருள்ள மீன் தத்திப் போவதுபோல விராலுக்குத் தெரியுமாம்.

தையில் அணை நிறைந்து கிடந்தது. ஜிக் இறங்கிக்கொண்டே இருந்தது. கரை முழுக்க நான் ஒருவன்தான். மாலை வரை ஒரு கடிகூட இல்லை.

சித்திரையில் மறுபடி போனபோது தண்ணீர் உள்வாங்கி, வெடித்த சேற்றில் வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. மூழ்கிக் கிடந்த கருவேலங்கட்டையில் மாட்டி இரண்டு ஜிக் போயின. ஆடு ஓட்டிவந்த பெண் ஒருத்தி நின்று பார்த்தாள்.

“இன்னாண்ணே, ரப்பர் மீன காட்டி ஏமாத்தப் பாக்கறியா? அதுங்கதான் உன்ன ஏமாத்திக்கினு கீதுங்க.”

அன்று என்னிடம் பேசியவள் அவள் மட்டும்தான். இன்னும் கொஞ்சம் கிண்டல் செய்யமாட்டாளா என்றிருந்தது.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் மூன்றாவது முறை போனேன். புல்லோரமாகத் தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் சிவப்பாகக் குமிழியிட்டது. பூச்சி என்று நினைத்து, அதன் பக்கத்தில் ஜிக்கை இறக்கி இரண்டு தட்டுத் தட்டினேன். ராடு வளைந்தது. ஒன்றரைக் கிலோ இருக்கும், கறுத்த விரால். பக்கெட்டில் தண்ணீர் மொண்டு, உயிரோடு போட்டு மூடினேன்.

அதே பெண் ஆடுகளோடு வந்தாள். “குஞ்சு காக்கறத புடிச்சிட்டியா? அந்தச் செவப்பு பூரா அதோட குஞ்சுதான். ஆணும் பொண்ணுமா சேந்து காவ காக்கும்.”

“எனக்குத் தெரியாதும்மா. இப்ப இன்னா ஆவும்?”

“இன்னொண்ணு கீது இல்ல, ஒண்டியா பாத்துக்கும். எட்த்துக்கினு போண்ணே, பேஜார் பண்ணாத.”

எடுத்துக்கொண்டு போனேன். வளவனூர் போகும்வரை, விக்கிரவாண்டி, விழுப்புரம் என்று பஸ் மாறும்போதெல்லாம் மூடியைத் திறந்து பார்த்தேன். பக்கெட்டில் மீன் இருந்தது. மனதில் இருந்ததோ அணையில் விட்டுவந்த இன்னொன்று.

பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மாமியார் சாம்பலும் அருவாமனையும் எடுத்து வைத்துவிட்டார். கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டியிருந்த வசந்தா, என் முகத்தைப் பார்த்தாள்.

“மீனு புடிச்சவன் மூஞ்சியா இது? இன்னாய்யா ஆச்சி?”

சும்மா இருந்திருக்கலாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் பக்கெட்டை எட்டிப் பார்த்தாள்.

“கொண்டும்போய் வுட்டுட்டு வா.”

“உன் காலுக்குடி.”

“காலு மருந்துல ஆறும். எனக்கு இது தொண்டைல எறங்காது. அங்க ஒண்ணு ஒண்டியா கெடக்கும். ஜல்தியா போ.”

“நல்லா சேந்துதுங்க ரெண்டும்” என்று மாமியார் சாம்பலைக் கொட்டிவிட்டு உள்ளே போனார்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் பக்கெட்டைப் பற்றி விசாரித்தார். சொன்னேன். “மீன வாங்கிக்கினு போறவங்கள தெனம் பாக்கறேன். வுடப் போறவர இன்னிக்குத்தான் பாக்கறேன்” என்று டிக்கெட்டைக் கிழித்துத் தந்தார்.

அணைக்கு வர நான்கு மணி ஆகிவிட்டது. அதே புல்லோரத்தில் பக்கெட்டைச் சாய்த்தேன். விரால் கரையோரம் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்து, பிறகு வாலை அடித்து மறைந்தது. சிவப்புத் திட்டைத் தேடினேன். இந்தப் பக்கம் நூறடி, அந்தப் பக்கம் நூறடி நடந்தேன். தண்ணீர் வெறுமனே கிடந்தது.

போன் அடித்தது. வசந்தா.

“வுட்டுட்டியா?”

“வுட்டுட்டேன்.”

“குஞ்சுங்க?”

“கீது. எல்லாம் சேந்துக்கிச்சி.”

அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது. “அப்டின்னா வர்ற ஞாயித்துக்கெழம வந்து என்ன கூட்டிக்கினு போய்டு. கட்டு திண்டிவனத்துலயும் கட்றாங்க. பகல்ல ஒண்டியா இருந்துக்கறேன். ராவுல நீ வந்துடுவ இல்ல.”

“வந்துடுவேன்” என்றேன். கடைசி ஆட்டோக்காரர் கரைமேல் நின்று ஹாரன் அடித்தார். அவரைக் காத்திருக்க வைத்துவிட்டு, புல்லோரம் முழுவதும் இன்னொரு முறை தேடினேன்.