தெருக்குத்து வீடு

உங்கள் தெருவின் கடைசி வீட்டில் ஒரு குழந்தை செத்தால் யாரைக் குற்றம் சொல்வீர்கள்? பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சந்துக்காரர்கள் தெருக்குத்தைச் சொன்னார்கள். சந்து நேராக வந்து புஷ்பவல்லியின் வாசலில் முட்டுகிறதாம். அதனால் அந்த வீடு ஆகாதாம்.

புஷ்பவல்லியின் கணவன் ஜெயராஜ் ரயில்வே கூலி. 1943இல் ஜப்பானியர் அவனைச் சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். அந்த ஆண்டே கைக்குழந்தைக்குக் காய்ச்சல். டிஸ்பென்சரி அவள் வீட்டுப் பின்சுவரிலிருந்து நூறடிதான். ஆனால் வழியில்லை. முன்வாசலில் இறங்கி, சந்து முழுக்க நடந்து, பெரிய சாலையைச் சுற்றினால் ஒன்றரை மைல். பாதி வழியில், தோளிலேயே குழந்தை அடங்கிவிட்டது.

ஜப்பான் சண்டைக்குச் சில ஆண்டுகள் முன்புவரை அந்தச் சந்து மறுபக்கச் சாலைவரை ஓடியது. தோட்டங்களில் பிழைப்பற்றவர்கள் பட்டணத்தில் குவிந்தபோது, வீட்டுக்காரர் தம்புசாமி வாடகை ஆசையில் சந்தின் அந்த முனையை அடைத்து, இப்போது புஷ்பவல்லி இருக்கும் பலகை வீட்டைக் கட்டினார். தெரு வீட்டைக் குத்தவில்லை. வீடுதான் தெருவைக் குத்தியது.

போன ஆண்டு மூத்தவள் சந்திரகலாவுக்கும் உடம்பு கொதித்தது.

"வாசல்ல ஒரு பிள்ளையார வச்சிடு புஷ்பா. தெருக்குத்து அடங்கிடும் லா" என்றாள் எதிர்வீட்டு இராஜம்மா.

"பிள்ளையாரு போயி கொய்னா மாத்திர வாங்கிட்டு வருவாராக்கா? அவரும் சுத்தித்தானே போவணும்!"

விறகுக் கோடரியால் பின்சுவரில் மூன்று பலகைகளைப் பெயர்த்தாள். மகளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பொந்து வழியே ஓடினாள். ஐந்தாம் நாள் சந்திரகலா கஞ்சி கேட்டாள்.

அன்றுமுதல் சந்தே அவள் அடுப்பங்கரை வழியாக நடந்தது. இராஜம்மா மட்டும் ஒவ்வொரு முறையும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்தாள், வீடாயிற்றே!

தம்புசாமி சுத்தியலும் ஆணியுமாக வந்தார்.

"என் வீட்ட ஜாலானாக்கிட்டியாமே?"

"ஜாலான்ல, நடக்கிற ரோட்டு மேலதானே வீட்டக் கட்டினீங்க, முதலாளி."

இராஜம்மா பொந்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். "என்னையும் சேத்து ஆணி அடிங்க!" தம்புசாமி திரும்பிப் போனார்.

இப்போது சண்டை ஓய்ந்துவிட்டது. ஜெயராஜ் வரவில்லை. தம்புசாமி மீண்டும் அடைக்கப் போகிறாராம். சந்தைத் திறக்கவும், புஷ்பவல்லிக்கு அதே வாடகையில் வேறு வீடு தரவும் கேட்டு அதிகாரிகளுக்கு மனு எழுதியிருக்கிறோம். அது அவள் வீட்டில்தான் இருக்கிறது. வாருங்கள், கையெழுத்திடுங்கள். வந்த வழியே திரும்பாதீர்கள். பின்பக்கமாக நடந்து போங்கள்.