பதினொரு ரோஸ்மேரிக்குக் கவ்வாத்து

என் மச்சானின் இடது மணிக்கட்டை உடைத்தவன் நான்தான். மம்பட்டிப் பிடியால் மூன்று அடி. முதல் இரண்டும் வேலியில் பட்டன.

குண்டசாலையில் எங்கள் வீட்டுச் சரிவில் பதினொரு ரோஸ்மேரிச் செடிகள் வைத்திருந்தேன். மத்தியதரைக் கடலோரத்துக் காய்ந்த குன்றுகளில் வளர்வது. வெயிலைத் தாங்கும், நம் மழையில் வேர் அழுகிவிடும். அதனால் முப்பத்திரண்டு வாளி மணலும் சரளையும் சுமந்து மேடு கட்டினேன். ஆறு வருடத்தில் இடுப்பளவு உயர்ந்து நீலமாய்ப் பூத்தன.

மச்சான் என் மனைவியின் அண்ணன். பக்கத்து வீடு. ஹுன்னஸ்கிரிய தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் தேயிலைச் செடிகளைக் கட்டையாக நறுக்கிக் கவ்வாத்து வெட்டியவர். தினமும் நாலு மணிக்கு வேலி இடைவெளியால் வந்து என்னோடு பிளேன்டீ குடிப்பார். எனக்குப் பேச வேறு ஆளில்லை. என்னோடு கணக்குப் படிப்பித்தவர்களில் மிச்சம் இரண்டு பேர். இருவருக்கும் காது கேட்காது.

டெங்குக் காய்ச்சலில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தேன். சரிவில் பதினொரு மொட்டைக் கட்டைகள். முழங்கால் உயரத்தில், ஒரே சாய்வான வெட்டு. ஓர் இலை இல்லை. மச்சான் கத்தியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“காலையிலதான் முடிச்சேன் மாப்ள. கெழடு தட்டிக் கெடந்துச்சு. ரெண்டு மாசத்துல கொழுந்து வெடிக்கும் பாருங்க.”

“இது என்ன தேயிலையா? வெறுங்கட்டையில தளிர்க்காது! கொன்னுட்டீங்க!”

“செடின்னா செடிதான். பள்ளிக்கூடத்துல சோக்கட்டி புடிச்ச ஆளுக்குக் கத்தியப் பத்தி என்ன தெரியும்?”

அப்போதுதான் மம்பட்டி கைக்கு வந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவர் வலக்கையால் கத்தியை ஓங்கினார். மனைவி நடுவில் பாய்ந்தாள். “எங்கண்ணன் கைய ஒடச்சிட்டீங்களே!” என்று என் சட்டையைக் கிழித்து நெஞ்சில் குத்தினாள். எத்தனை குத்து என்று எண்ணவில்லை.

மறுநாள் வேலி இடைவெளியில் மச்சான் ஆள்வைத்து அடித்த ஐந்து வரி முள்ளுக்கம்பி. நாலு மணிக்கு மேசையில் ஒரு கோப்பை மட்டும்.

மழை தொடங்கியது. கட்டைகள் ஒவ்வொன்றாய்க் கறுத்தன. அடித்த அன்றே, வெட்டிப் போட்ட குவியலிலிருந்து இருபத்திரண்டு நுனிகளை எடுத்து மணலில் குத்தியிருந்தேன். ஆறு வேர்விட்டன. இரண்டு மாதம் கழித்து, அவற்றில் நல்லதை மண்சட்டியில் நட்டு மச்சானிடம் கொண்டுபோனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கம்பிக்கு மேலால் சட்டியை நீட்டியபோது வாயில் வேறொன்று வந்தது.

“இதுக்கும் கவ்வாத்து வெட்டிடாதீங்க.”

வலக்கையால் வாங்கினார். வாங்கிய வேகத்தில் என் முகத்தில் எறிந்தார். இரத்தம் கண்ணுக்குள் இறங்க, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“இப்ப சரியா வாத்தியாரே கணக்கு?” என்று கத்தினார்.

புருவத்தில் நாலு தையல்.

அடுத்த நாள் நாலு மணிக்குக் கம்பி வெட்டும் சத்தம் கேட்டது. கீழ் மூன்று வரியையும் வெட்டி, குனிந்து நுழைந்து, கதிரையில் உட்கார்ந்தார். இடது மணிக்கட்டு கோணலாய்த்தான் கூடியிருந்தது. என் புருவத்தை ஒரு தரம் பார்த்தார்.

“சீனி கொஞ்சம் கூடப் போடச் சொல்லுங்க.”

மேல் இரண்டு வரி இன்னும் இருக்கின்றன. வரும்போதெல்லாம் முள் அவர் முதுகைக் கீறுகிறது. அவரும் அதை வெட்டவில்லை. நானும் வெட்டச் சொல்லவில்லை.