பெயிண்ட் குலுக்கும் மிஷினும் ஐந்து கிலோ பூண்டும்

என் வீட்டுக்காரருக்கு மார்த்தாண்டத்தில் பெயிண்ட் கடை. பெயிண்டில் கலர் விட்டு, டப்பாவை இறுக்கிப் பிடித்துக் குலுக்கித் தருவதற்கு அங்கே ஒரு மிஷின் உண்டு. கடைக்குப் புது மிஷின் வந்ததும் பழையதை விற்றுத் தொலைத்திருக்கலாம். மனுஷனுக்கு மனசு வரவில்லை. டெம்போவில் ஏற்றி, நாலு பேரை வைத்து இறக்கி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கொண்டு நிறுத்தினார். அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனியன்.

பார்க்க ஒன்றும் பெரிதாக இருக்காது. ஒரு இரும்புச் சட்டம், டப்பாவைத் திருகி இறுக்க ஒரு கைப்பிடி, கீழே மோட்டார், அதைச் சுற்ற வைக்கும் ரப்பர் பெல்ட். அவ்வளவுதான். சுவிட்சைப் போட்டால் அடுக்களையில் தட்டுகள் எல்லாம் தாளம் போடும். பக்கத்து வீட்டு நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விடும்.

முதலில் துருப்பிடித்த போல்ட்டுகள். மணவாளக்குறிச்சிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், பட்டு வேட்டியோடு கடற்கரைக்குப் போய் ஒரு பை கருமணல் அள்ளிக்கொண்டு வந்தார். போல்ட்டையும் மணலையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கினால் துரு போய்விடுமாம். போனது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த போல்ட்டை யார் கேட்டார்கள்? இன்றைக்கும் ஒரு டப்பா நிறையப் பளபளவென்று கிடக்கிறது, மாட்டுவதற்கு ஒரு சாமானும் இல்லாமல்.

அடுத்தது மோர் கடைவது. மூடி தெறித்து, வெண்ணெய் திரண்டதா இல்லையா என்று கொட்டகைக் கூரையை அண்ணாந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். பிறகு புளியில் கொட்டை எடுக்கப் போனார். ஒரு டப்பா புளி ஒரே உருண்டையாகத் திரும்பி வந்தது, கொட்டையெல்லாம் பத்திரமாக உள்ளேயே இருந்தது. மகளுடைய நகப்பூச்சு கட்டிவிட்டது என்று அதைத் துணியில் சுற்றிப் பெரிய டப்பாவில் வைத்துக் குலுக்கினார். அது என்னவோ நன்றாகக் கலந்துவிட்டது. அதற்குப் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் கொட்டகைதான்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற காரியம். கிண்ணம் அப்படியில்லை.

அவருடைய அக்கா, நான் மைனி என்று கூப்பிடுகிறவர், பேச்சிப்பாறைக்குப் போகிற வழியில் இருக்கிறார். ஒரு ஓணத்துக்கு எங்களுக்குப் பாயசம் கொண்டுவந்தார், என் மாமியார் தன் மகளான அவருக்குக் கொடுத்த வெண்கலக் கிண்ணத்தில். கிண்ணத்தின் விளிம்புக்குக் கீழே மாமியாருடைய பெயர் புள்ளிபுள்ளியாக வெட்டியிருந்தது. அந்தப் பெயரைத்தான் என் மகளுக்கும் வைத்திருக்கிறோம். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால் எனக்கு அவள் வெறும் பாப்பா. மாமியார் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆனபின்பும் அவருடைய கையெழுத்து மாதிரி மைனியிடம் இருந்தது அந்தக் கிண்ணம் ஒன்றுதான்.

வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை, கொஞ்சம் சீனி போட்டுக் கொடுக்கலாம் என்று கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். இவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்காவுக்குப் புதுசு மாதிரி ஆக்கிக் கொடுக்கிறாராம். கருமணலோடு வாளியில் போட்டு அரை மணி நேரம் குலுக்கி, அதிலும் ஆசை அடங்காமல் இன்னும் அரை மணி நேரம் குலுக்கினார். கிண்ணம் தங்கம் மாதிரி வந்தது. பெயர் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

மைனி வாங்கி, விளிம்பைச் சுற்றி விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தவர்தான், மூன்று வருஷம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. இவருக்கோ அக்கா ஏன் கோபித்துக்கொண்டாள் என்பதே புரியவில்லை. நல்லா பளபளன்னுதானே இருந்தது என்று என்னிடமே கேட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

போன வருஷம் மகளுக்குக் கல்யாணம் கூடியது. அத்தை வராமல் அந்தப் பெண்ணுக்கு என்ன கல்யாணம்? பாப்பா என்னிடம் நேராகவே சொல்லிவிட்டாள், அத்தை வராவிட்டால் தாலி கட்டும்போது அழுதுவிடுவேன் என்று. எங்கள் பக்கத்தில் பத்திரிகை வைப்பது ஊருக்கு. சொந்தக்காரர்களைக் காய்வெட்டுக்குக் கூப்பிட வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானமே வந்து உட்கார்ந்து, காய் நறுக்கி, பூண்டு உரித்து, ஊர்க்கதை பேசினால்தான் அது சொந்தம். இப்போது சமையல்காரர்கள் எல்லாவற்றையும் நறுக்கிக்கொண்டே வந்துவிடுகிறார்கள். என்றாலும் ஐந்து கிலோ பூண்டாவது வீட்டுக்கு வாங்கிப் போடுவோம், சொந்தங்களுக்கு உட்கார ஒரு சாக்கு வேண்டுமே.

இரண்டு பேருமாகப் பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் எடுத்துக்கொண்டு போனோம். பஸ்ஸில் போகும்போதே படித்துப் படித்துச் சொன்னேன், மிஷின் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று. மைனி எங்களை உள்ளே வரச் சொன்னார். காப்பி போட்டார். மருமகன் என்ன படிப்பு, எங்கே வேலை என்று எல்லாம் கேட்டார். முகம் கொஞ்சம் இளகியது. கடைசியில் தம்ளரைப் பார்த்துக்கொண்டே, சும்மா கேட்கிற மாதிரி கேட்டார்.

"பூடு உரிக்க ஆளுண்டா?"

மூன்று வருஷம் காத்திருந்த கேள்வி. நீ வந்தால் போதும் அக்கா என்று சொன்னால் தீர்ந்தது. இந்தப் புண்ணியவான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆளொண்ணும் வேண்டாம்க்கா. மிஷினு இருக்குல்லா? காஞ்ச டப்பாவுல போட்டுக் குலுக்கினா தோலு தானே கழண்டுரும். பத்து நிமிசம்."

"அப்பம் சரி," என்றார் மைனி. தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் திரும்பி வரவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் பஸ்ஸில் உள்ள அத்தனை பேரும் இறங்கி ஓடியிருப்பார்கள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, அக்கா நல்லாத்தான் பேசினா என்று திருப்திப்பட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் கடைக்குப் போனதும் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். மிஷின் பெல்ட்டை ஒரே போடாகப் போட நினைத்தேன், அது கால் மணி நேரம் கொண்டுபோனது. சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுக் கூப்பாடு போட்டார். எலி கடித்திருக்கும் என்றேன். எலி அவ்வளவு நேராகக் கடிக்குமா என்று கேட்க அந்த விஞ்ஞானிக்குத் தோன்றவில்லை. எலிப்பொறி வாங்கி வைத்தார். பழைய மிஷினுக்குப் பெல்ட் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், பத்து நாளாகும் என்றார்கள். கல்யாணத்துக்கு ஆறு நாள்தான் இருந்தது.

நான் தனியாகப் பேச்சிப்பாறை பஸ் ஏறினேன். மைனி முற்றத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"மைனி, மிஷினு கெட்டுப்போச்சு. பூடு உரிக்க ஆளில்ல," என்றேன்.

"எத்தற கிலோ?"

"அஞ்சு."

"ம்," என்றார். அடுத்த ஷீட்டை எடுத்து உதறினார். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. காய்வெட்டு வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

காய்வெட்டு அன்று மத்தியானம் இரண்டு மணி வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பா மருதாணிக் கையோடு நாலு தடவை வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இரண்டரைக்கு ஆட்டோ வந்தது. மைனி சொந்தக் கத்தியோடு இறங்கினார். நேரே உள்ளே வந்து, பூண்டுச் சாக்குக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தார். பெண்கள் எல்லோரும் நகர்ந்து வழி விட்டார்கள்.

இவர் வாசற்படியில் வந்து நின்றுகொண்டு, மிஷின் மட்டும் ஓடியிருந்தால் உங்களுக்கெல்லாம் இந்தக் கஷ்டம் இல்லை என்று ஆரம்பித்தார். மைனி நிமிர்ந்து பார்த்தார்.

"ஏலே, இங்க வந்து உக்காரு. கையால உரி."

உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் பதினாறு பல் உரித்திருப்பார், அதிலும் பாதி நகம் பட்டு நசுங்கியது. மைனி தன் பைக்குள் கையை விட்டு, துணியில் பொதிந்த ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்தார். அந்த வெண்கலக் கிண்ணம். விளிம்புக்குக் கீழே, வெறுமையாகக் கிடந்த அதே இடத்தில், புதுப் புள்ளிகளாகப் பெயர் வெட்டியிருந்தது. பாப்பாவுக்குச் சீர். மாமியாருடைய பெயரும் அதுதானே.

இவர் விளிம்பை விரலால் தடவினார், அன்றைக்கு அக்கா தடவின மாதிரியே. அப்போதுதான் அந்த மண்டைக்குள் ஏறியது. உதடு கோணிக்கொண்டு வந்தது, பூண்டுக் கையால் கண்ணைத் துடைக்கப் போனார். மைனி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத மிஷின்ல போட்டிராதல," என்றார்.