பழுப்புத் தாளுக்கு அடியில் ஒரு கட்டுரை

அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. கல்லூரியில் எல்லோருக்கும் அவர் பசையண்ணன்.

இருபத்திரண்டு வருடமாக விண்ணப்பப் பிரிவில் அவருக்கு ஒரே வேலை. பெயர், தகப்பன் பெயர், முகவரி, படித்த பள்ளி ஆகிய நான்கின் மேலும் பழுப்புத் தாள் ஒட்டுவார். தேர்வுக் குழுவின் கண்ணுக்கு எட்டுவது ஓர் எண், மதிப்பெண்கள், ஒரு பக்கக் கட்டுரை, அவ்வளவுதான். அறுபது இடத்துக்கு ஆயிரத்து இருநூறு பேர் போட்டி. முகம் தெரியாதவர்களை நிராகரிப்பது மனதுக்கு லேசாக இருக்கிறது என்று பேராசிரியர்கள் சொல்வதுண்டு.

இன்னொரு விதியும் உண்டு. கட்டுரைக்குள் ஆளைக் காட்டிக்கொடுக்கும் வரி இருந்தால் அதையும் மூட வேண்டும். ‘என் அப்பா ஒரு நீதிபதி’ என்று ஆரம்பிக்கிற பிள்ளைகள் வருடத்துக்குப் பத்துப் பேராவது தேறுவார்கள். நீதிபதியின் மேல் தாள் ஒட்டும்போது பசையண்ணன் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது.

அலுவலக விஷயத்தை அவர் செருப்போடு வாசலிலேயே கழற்றிவிடுவார். பசையுள்ள உத்தியோகம் என்று சொல்லித்தான் தன்னை அவர் தலையில் கட்டினார்கள், வீட்டுக்கு வந்து சேர்ந்தது பசை மட்டும்தான் என்பது அவர் மனைவியின் நெடுநாள் புகார்.

அந்த வருடம் மகள் விண்ணப்பித்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறப்போகும் முதல் ஆள். எதிரே உட்கார்ந்து அவள் எழுதிக்கொண்டிருக்க, அவர் செய்தித்தாளை வரி விளம்பரம் வரைக்கும் படித்தார். கட்டுரையில் என்ன எழுதுவது என்று கேட்டாள். ஃபாரத்தில் போட்டிருக்கிற தலைப்பை எழுது என்றார். வரிகளை மூடும் விதியை அவர் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகளுக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

நான்காம் நாள் வந்த கட்டுக்குள் அவள் விண்ணப்பம் இருந்தது. பெயரை ஒட்டினார். தன் பெயரையும் ஒட்டினார். பக்கத்தைத் திருப்பினார். தலைப்பு: ‘நான் அருகிலிருந்து பார்த்த ஒரு வேலை’. முதல் வரி: ‘என் அப்பா ஒரு கல்லூரியில் பெயர்களை மறைக்கிறார்.’

அவருடைய நகக்கண்ணில் காய்ந்திருக்கும் பசையைப் பற்றி எழுதியிருந்தாள். எதிர்வீட்டுப் பையனுக்கு இடம் கிடைத்ததை அந்த வீடே கொண்டாடியபோது, முந்தின நாளே தெரிந்திருந்தும் அப்பா ஆச்சரியப்பட்டு நின்றதை எழுதியிருந்தாள். இத்தனை வருடத்தில் ஊர் பேர் தேடி மேய்ந்தாரே தவிர, ஒரு கட்டுரையையும் அவர் முழுதாகப் படித்ததில்லை. இதை இரண்டு தடவை படித்தார்.

எழுந்து மேலாளர் அம்மாவிடம் போனார்.

“மேடம், ஒரு ஃபாரத்தை நான் தொடக்கூடாது.”

“ஏன்?”

“சொன்னா யாருதுன்னு தெரிஞ்சிரும்.”

அந்த அம்மா பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். “அப்ப சொல்லாதீங்க. நீங்களே முடிச்சிருங்க.”

அதுவும் விதிப்படி சரிதான். பசையண்ணன் திரும்பி வந்தார். ஒரு பத்தியையாவது விட்டுவிடலாமா என்று தூரிகை காய்கிற அளவுக்கு உட்கார்ந்திருந்தார். பிறகு நீதிபதி ஞாபகத்துக்கு வந்தார். முதல் வரியை ஒட்டினார். இரண்டாம் வரி முதல் வரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. இப்படியே இருபத்தேழு வரிகள் போயின. யாரையும் காட்டிக்கொடுக்காத ஒரே வரி கடைசியில் தப்பியது: ‘இது நியாயமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.’

குழு இருபதுக்கு மூன்று போட்டது. ஓரத்தில் குறிப்பு: ‘சுருக்கம் நன்று. விளக்கம் போதாது.’ நான்கு மதிப்பெண்ணில் இடம் போயிற்று.

பட்டியல் வந்த அன்று மகள் கேட்டாள். “என் கட்டுரைல எதையாச்சும் ஒட்டினீங்களாப்பா?”

“ஒரு வரிய ஒட்டல.”

“மிச்சம்?”

“மிச்சம் பூரா நான்தானேம்மா இருந்தேன்.”

சமையலறையில் கரண்டி விழுந்தது. போடப்பட்ட சத்தம் அது. “பெத்த பிள்ளை வாயிலயும் ஒட்டியாச்சு,” என்று குரல் வந்தது.

மகள் அப்பா பக்கம் திரும்பி, “படிச்சீங்களா? எப்படி இருந்துச்சு?” என்றாள்.

“எனக்கு மார்க் போடத் தெரியாதும்மா,” என்றார் அவர். “ரெண்டு தடவ படிச்சேன்.”

அடுத்த வாரம் வேறொரு கல்லூரியில் நேர்காணல். அங்கே எதையும் மறைப்பதில்லை. அப்பா என்ன வேலை என்றுதான் முதலில் கேட்டார்கள். மூடிய இருபத்தேழு வரிகளையும் அவள் வாயால் சொன்னாள். கேள்வி கேட்ட மூன்று பேரும் சிரித்து, பக்கத்து அறை ஆளையும் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். இடம் கிடைத்துவிட்டது.

பசையண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் கேட்டார். “வெளிய எத்தன பேர் இருந்தாங்க?”

“நாப்பது பேர் இருக்கும்.”

“அவங்க அப்பாவெல்லாம் என்ன வேலையாம்?”

“தெரியலப்பா,” என்றாள். “வர்ற வழியெல்லாம் நானும் அதத்தான் யோசிச்சேன்.”

மறுநாள் அவர் மேலாளர் அம்மாவிடம் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். வரிகளை மூடும் அந்த விதியை ஃபாரத்திலேயே அச்சடிக்க வேண்டும், எல்லாப் பிள்ளைக்கும் தெரியட்டும் என்று. அடுத்த வருடம் பொடி எழுத்தில் அச்சடித்தார்கள். அப்பாவைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. வேலை பாதியாகக் குறைந்துவிட்டதால், கட்டுரைகளை அவர் இப்போது முழுதாகப் படிக்கிறார். இதுவரை எதையும் இரண்டாம் தடவை படிக்கத் தோன்றவில்லை.