பீட்டர்ராஜ் செதுக்கிய பீப்பாய்

என் வீட்டுக்காரர் பீட்டர்ராஜ் செய்யும் பொருளை யாரும் ஆசைப்பட்டு வாங்கியதில்லை. கூடலூர்ப் பக்கம் எங்கள் மாதா கோயில் தெருவில் சவப்பெட்டி செய்கிறவர் அவர்தான். சாவு விழுந்தால் வாசலில் வந்து நிற்பார்கள். கல்யாணம் என்றால் கட்டில் வாங்கத் தேனிக்குப் பஸ் ஏறுவார்கள். தொட்டில் செய்து தரட்டுமா என்று என் சொந்தத் தங்கச்சியிடம் கேட்டுப் பார்த்தார். அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அதோடு கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

2004இல் எங்கள் மகள் மெர்லினுக்கு மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் அம்மா சாராள் பக்கத்துத் தெருக்காரிதான். எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கிற நேரத்தில் இவர் வாயைத் திறந்தார்.

"கட்டில் மட்டும் நான் செய்யிறேன் தங்கச்சி."

"கோவிச்சுக்கிராதீகண்ணே" என்றாள் சாராள். "பெட்டி அறுக்கிற கையால செஞ்ச கட்டில்ல எம் மகன் எப்படிப் படுப்பான்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் கை போட்ட சோத்தத் தின்னு வளந்த பிள்ளை மட்டும் வேணுமாக்கும் மதினி?"

"பிள்ளை வேற, கட்டில் வேற" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த நேரத்தில்தான் ஜீப் டிரைவர் பாண்டியராஜன் குமுளியிலிருந்து ஒயின் ஊறிய ஒரு பழைய மரப் பீப்பாயைக் கொண்டுவந்து இறக்கினான். அங்கே புதிதாகத் திறக்கப்போகும் ஹோட்டல் வாசலில் வைக்க வேண்டுமாம். அதன் வட்டமான முகப்பலகையில் கம்பத்துத் திராட்சையைச் செதுக்கித் தர வேண்டும். சினைமாடு படுத்திருப்பது போல வயிறு பெருத்துக் கிடந்தது அது. கிட்டப் போனால் புளித்த வாடை.

இவருக்குத் தலைகால் புரியவில்லை. தோட்டத்திலிருந்து ஒரு குலை பன்னீர் திராட்சை வாங்கிவந்து ஆணியில் மாட்டினார். பார்த்துச் செதுக்க வேண்டுமாம், என்னைத் தொடவிடவில்லை.

"காஞ்சு கிஸ்மிஸாயிருச்சு. இன்னமும் தொடக்கூடாதாக்கும்?"

"ஏ செல்வி, வேலை முடியட்டும். சாராளைக் கூட்டியாந்து காட்டு. இதப் பாத்துட்டு, கட்டில் வேணாம்னு அவ சொல்லட்டும் பாப்போம்."

முடித்த அன்றே போய்க் கூட்டிவந்தேன். சாராள் குனிந்து பார்த்தாள். "ஆத்தாடி, பிச்சுத் திங்கலாம் போல இருக்கே!" என்று திராட்சையைத் தடவினாள். இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். தடவிக்கொண்டே போன அவள் கை பலகையின் ஓரத்தில் நின்றுவிட்டது.

ஓரம் முழுக்கச் சுற்றிலும் லில்லி மொட்டு, காம்பு வளைந்து தலை கவிழ்ந்தபடி. பெட்டி மூடியில் இவர் போடுகிற மொட்டு அது. கல்யாணமான ஆள் என்றால் விரிந்த பூ, ஆகாத பிள்ளை என்றால் மொட்டு. யாரும் சொல்லிப் போட்டதில்லை, அவராக வைத்துக்கொண்ட வழக்கம்.

"இது எம் பிரான்சிஸ் பெட்டியில இருந்த மொட்டுல்ல?" என்றாள் சாராள். பிரான்சிஸ் அவளுடைய இளைய மகன், ஆற்றில் குளிக்கப் போய் மூழ்கிப்போனவன்.

இவர் குனிந்து, யாரோ செதுக்கியதைப் பார்ப்பது போலப் பார்த்தார். "கொடிதான் போட நெனச்சேன் தங்கச்சி. கை அதுவா போட்டுருச்சு."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மொட்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அழுதாள். பிறகு முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

"மேல இலை கிலை போட்டு மறைச்சிருங்களேன்" என்றேன்.

"எதைப் போட்டாலும் அதுதான் வரும்" என்றார்.

ஹோட்டல்காரர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. வருகிறவர்கள் எல்லாம் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிறார்கள் என்று பாண்டியராஜன் வந்து சொன்னான். இவர் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

கட்டில் தேனியிலிருந்து வந்தது. டெம்போவிலிருந்து இறக்கி மாப்பிள்ளை வீட்டில் போட்டால் ஒரு கால் ஆடியது. கூடப் போயிருந்த இவரிடம் சாராள் வந்தாள்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்கிராதீகண்ணே. நீங்களே ஒரு தட்டுத் தட்டி விடுங்க."

இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம்த்தா. பிள்ளைக படுக்குறது. வேற ஆளப் பாத்துக்க."

நான் முறைத்துப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியில் டெம்போக்காரன் ஒரு அட்டையை மடித்துக் காலுக்கு அடியில் செருகிவிட்டுப் போனான்.