மல்லிகா அக்கா கழற்றிய சிப்

மல்லிகா அக்கா இறந்துவிட்டார் என்று பக்கத்துப் பூக்கடைக்காரர் வந்து சொன்னபோது, நான் கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். அக்காவின் டிவி ரிப்பேர் கடையில்தான் வேலை செய்கிறேன். மஞ்சள் காமாலையோடு ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வயது முப்பத்தாறு.

சாவு வீட்டுக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் சார் பெரிய மாலையோடு வந்தார். தன்னுடைய பழைய கம்ப்யூட்டரைச் சரிசெய்தது அக்காவின் கணவர் என்றும், அக்கா கூடமாட ஒத்தாசையாக இருந்தவர் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். “தங்கமானவங்க. அதிர்ந்து ஒரு வார்த்த பேச மாட்டாங்க” என்றார். யாரும் மறுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன். அக்காவை அறிந்தவர்கள், முக்கியமாக சாருடைய கம்ப்யூட்டர் சரியான அன்று வகுப்பில் இருந்தவர்கள், படியுங்கள்.

எட்டாவதோடு பள்ளியை விட்ட நான், அந்த இன்ஸ்டிட்யூட்டில் பெருக்கித் துடைத்து, வருகைப் பதிவு போட்டுக்கொண்டிருந்தேன். கீபோர்டுக்குள்ளேயே மொத்த மிஷினும் அடங்கிய, டிவியில் இணைக்கிற ஒரு பழைய கம்ப்யூட்டர் சாரிடம் இருந்தது. எண்பத்தொன்பதில் வீட்டுக்கு வாங்கியதாம். புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் போட்டுக் காட்டுவார். போன வருடம் விஜயதசமியன்று, சேர வந்த பிள்ளைகளும் பெற்றோரும் பார்த்திருக்க, சுவிட்சைப் போட்டார். டிவியில் ஒரு எழுத்தும் வரவில்லை. கருப்பாகவே நின்றது.

“இந்தக் கழுத ஈரத் துணியால தொடச்சி கெடுத்துட்டா” என்று என்னைக் காட்டினார். நான் காய்ந்த துணியால்தான் தட்டுவேன். அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. அன்றே வெளியே அனுப்பினார். சன்னதித் தெருவில் எந்தக் கடைக்குப் போய் வேலை கேட்டாலும், “நீதானே கம்ப்யூட்டர கெடுத்த பொண்ணு?” என்றார்கள்.

மிஷின் அக்காவின் கடைக்கு வந்தது. அக்கா முதலில் செய்தது என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டது. “கடைசியா தொட்டவள கேக்காம எதையும் தெறக்க மாட்டேன்” என்பது அவர் வழக்கம். நான் தலையைக் குனிந்து, “காஞ்ச துணியாலதான் தட்டுவேன்” என்று மூன்று வார்த்தை சொன்னேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. மீட்டரை வைத்து கரண்ட் சரியாக வருகிறதா என்று பார்த்தார். வந்தது. டிவி ஒயரை மாற்றினார். அப்போதும் கருப்புதான். நாலு திருகாணியைக் கழற்றி மூடியைத் தூக்கி, சாக்கெட்டில் உட்கார்ந்திருந்த ஒரு சிப்பை மெல்ல நெம்பி எடுத்தார். கால்களில் பச்சை பூத்து, இடுக்கில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

ஜவ்வாது கலந்த சந்தனம்.

ஆயுத பூஜைக்குச் சார் தானே சந்தனம் கரைப்பார். வேறு யாரையும் பொட்டு வைக்க விடமாட்டார். அந்த மிஷினுக்கு மட்டும், காற்று போக விட்ட ஓட்டைகளின் மேலேயே வரிசையாகப் பொட்டு வைத்து, கலசத் தண்ணீரை மாவிலையால் தாராளமாகத் தெளிப்பார். வருடா வருடம் நடந்தது அதுதான்.

அங்கேயே துடைத்துக் கொடுத்திருக்கலாம். அக்கா சிப்பை அழுக்கோடு திரும்பச் செருகி மூடினார். “எங்க வெச்சி சொன்னாரோ அங்க வெச்சிதான் தொறப்பேன். வாடி.”

மாலை வகுப்பு நிறைந்திருந்தது. அக்கா மூடியைத் திறந்து, சிப்பை ஒரு வெள்ளைத்தாளில் வைத்து நீட்டினார்.

“சார், இது இன்னா வாசனைனு நீங்களே சொல்லுங்க.”

சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்பெஞ்சில் யாரோ, “சார் வெச்ச பொட்டுக்கா” என்றதும் வகுப்பே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. ஸ்பிரிட்டில் கழுவி, பென்சில் ரப்பரால் ஒவ்வொரு காலையும் தேய்த்து, காயவிட்டுச் செருகினார். சுவிட்சைப் போட்டதும் திரையில் எழுத்து வந்தது. சார் முகம் மலர்ந்து, நாளையிலிருந்து என்னை வேலைக்கு வரச் சொன்னார்.

அக்கா சுவிட்சை அணைத்தார். சிப்பை மறுபடி கழற்றி உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

“மொதல்ல அவ கெடுக்கலனு சொல்லுங்க. அப்பறம் போடறேன்.”

சார் தரையைப் பார்த்து முணுமுணுத்தார்.

“பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல சார்.”

“அவ கெடுக்கல” என்றார் சார், உரக்க. அதன் பிறகுதான் அக்கா கையைத் திறந்தார். அந்த நிமிஷத்தில் சாருடைய காது சிவந்ததை நான் ஆசைதீரப் பார்த்தேன். இன்றும் நினைத்தால் இனிக்கிறது. மறுநாள் அங்கே போகவில்லை. அக்காவின் கடையில் சேர்ந்தேன்.

சார்தான் ஒத்துக்கிட்டாரே, மன்னிச்சிடலாமே என்று பிறகு ஒருநாள் கேட்டேன். “மிஷின சரி பண்ணேன். ஆள சரி பண்றது என் வேல இல்ல” என்றார்.

அக்காவின் மீட்டரும் சால்டரிங் கம்பியும் கடையில்தான் இருக்கின்றன. அவை அவர் கணவருக்கு. என்னிடம் இருப்பது அவருடைய மன்னிக்காத மனசு. இதை நாலு பிரதி எழுதியிருக்கிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுப்பேன். சாருக்கு ஒன்று, கையில்.